சீசன் முதல் மெச் முடிஞ்சதும் பிளேயர்ஸுக்கு மார்க் போடுறது எப்பிடி? திருமலைப் பொடியன்கள் கேக்கிற கேள்விகள்

ஒவ்வொரு ஓகஸ்ட்டும் இங்கிலாந்து புட்போல் பிரீமியர் லீக் தொடங்கின உடனே திருகோணமலையில எங்கட ஆக்களுக்குள்ள மார்க் போடுற வேலையும் தொடங்கிரும், மெச் முடிஞ்ச கையோட ஒவ்வொரு பிளேயருக்கும் பத்துக்கு எத்தினை எண்டு வட்ஸ்அப்ல வந்து விழும், பிறகு விடிய விடிய வாக்குவாதம். புதுசா சேர்ற தம்பிமார் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேக்கிறாங்க, அதால எல்லாத்துக்கும் ஒரே இடத்தில பதில் எழுதிவிடுறன்.

உதாரணத்துக்கு நிறைய இடத்தில ஒரே மெச்சைத்தான் எடுத்திருக்கன்: 2025 ஓகஸ்ட் 17, ஓல்ட் ட்ரஃபோர்ட், மென்செஸ்டர் யுனைட்டட் - ஆர்சனல், எங்கட நேரம் ஞாயிறு ராத்திரி 9 மணி. ஆர்சனல் 1-0. 13வது நிமிஷம் டெக்லன் ரைஸ் அடிச்ச கோர்னர், யுனைட்டட் கீப்பர் பயின்டிர் பந்தை சரியா தட்டி விடல, கலாஃபியோரி கிட்ட நிண்டு தலையால போட்டான், அவ்வளவுதான் கோல். ஆனா ஷொட் எண்ணிக்கை பாத்தா யுனைட்டட் 22, ஆர்சனல் 9. மார்க் போடப் பழகுறவனுக்கு இதைவிட நல்ல மெச் கிடைக்காது.

முதல் மெச்சுக்கே ஏன் மார்க்? ஒரு மாசம் பொறுத்துப் பாத்துப் போடலாமே?

பொறுத்தா மறந்துருவீங்க, அதுதான் காரணம். ஒரு மாசத்துக்குப் பிறகு யோசிச்சா கோல் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், 70வது நிமிஷம் ஒரு டிபென்டர் ஓடி வந்து மறிச்ச பந்து ஞாபகம் இருக்காது. ஆனா ஒண்டு, முதல் மெச்சில போடுற மார்க் அண்டைய 90 நிமிஷத்துக்கு மட்டும்தான். ஆள் நல்லவனா கெட்டவனா, வாங்கின காசு வீணா எண்டெல்லாம் அதில எழுதக் கூடாது. நான் இந்தப் பக்கம் முழுக்க சொல்லப் போறதும் இதைத்தான், அந்த ஆளுக்கு அண்டைக்கு குடுத்த வேலை என்ன, அதை எவ்வளவு செய்தான், அதுக்குத்தான் மார்க்.

பத்துக்கு போடக்குள்ள எது நடு? 5ஆ 6ஆ?

நாங்க 6 எண்டு வெச்சிருக்கம். வேலையை செய்தான், பிழையும் இல்ல விசேஷமும் இல்ல எண்டா 6. மெச்சையே தன்ட பக்கம் இழுத்தவனுக்கு 8. 9 எண்டா வருஷத்தில எப்பவாவது. 10 கேக்கவே கூடாது, பிரான்ஸ்ல லெகிப் பேப்பர் காலங்காலமா மார்க் போடுது, அவங்க 10 குடுத்தா அதுவே உலகச் செய்தியா வரும், மெஸ்ஸி 2012ல லெவர்குசனுக்கு ஒரே மெச்சில 5 கோல் அடிச்ச மாதிரி ராத்திரிக்குத்தான் அது கிடைக்கும். ஜெர்மன் பேப்பர் பாக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, கிக்கர்ல 1 தான் நல்லது 6 தான் ஆக மோசம், அதை அப்பிடியே தூக்கிக் கொண்டு வந்து குறூப்பில போட்டு ஆக்களைக் குழப்பாதீங்க.

தோத்த டீம்ல ஒருத்தனுக்கு 7 போட்டிருக்கீங்க, வெண்ட டீம்ல ஒருத்தனுக்கு 4. இது என்ன நியாயம்?

இதுதான் ஆகக் கூட வாற கேள்வி, அதால ஆறுதலா சொல்லுறன்.

ரிசல்ட் டீமுக்கு, மார்க் ஆளுக்கு. அந்த யுனைட்டட் மெச்சில குன்யாவை எடுங்க, புது கிளப்புக்கு முதல் லீக் மெச், பந்தை வாங்கி திரும்புறான், ஆளைத் தாண்டுறான், ஷொட் எடுக்கிறான், முதல் பாதி முழுக்க ஆர்சனல் டிபென்ஸ் அவனைப் பாத்துப் பாத்துத்தான் நிண்டது. கோல் வரல. ஆனா கோல் வராததுக்கு காரணம் எதிர்ப்பக்கம் ராயா எண்ட ஒரு கீப்பர், 7 சேவ் அண்டைக்கு. குன்யா செய்ய வேண்டியதை செய்தான், ராயா அதைவிட நல்லா செய்தான். அப்ப குன்யாவுக்கு 7, ராயாவுக்கு 8, இதில எங்க பிழை? யுனைட்டட்ன்ட எம்புவேமோ ரெண்டாவது பாதில தலையால குத்தின பந்தையும் ராயா பாய்ஞ்சு எடுத்தான், அதுக்காக எம்புவேமோன்ட மார்க்கைக் குறைக்கிறதா, ராயான்ட மார்க்கைக் கூட்டுறதா? கூட்டுறதுதான் சரி.

யுனைட்டட் ஆள் டோர்கு அடிச்சது போஸ்ட்ல பட்டது. அது நாலு விரல் உள்ள போயிருந்தா அவனுக்கு எல்லாரும் 8 போட்டிருப்பீங்க, ஆனா காலால அவன் செய்த வேலை ரெண்டு நேரமும் ஒண்டுதான். இதை யோசிச்சா ரிசல்ட் பாத்து மார்க் போடுற பழக்கம் தானா விட்டுப் போகும்.

ஒரு சின்ன வழி சொல்லுறன், மெச் முடிஞ்ச உடனே ஸ்கோரை மறந்திட்டு, "இவன்ட இடத்தில வேற ஒருத்தன் நிண்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும், என்ன கூடியிருக்கும்" எண்டு மட்டும் கேளுங்க. ராயா இல்லாட்டி ஆர்சனல் அந்த மூண்டு பொயின்ட்டோட வீட்ட போயிருக்காது, எனக்கு அதில சந்தேகமே இல்ல. நான் யுனைட்டட் ஆள் தான், எண்டாலும் அண்டைக்கு என்ட லிஸ்ட்ல முதல் பேர் ராயா.

பயின்டிருக்கு 4 போட்டது கூடவா குறைவா? ஒரே ஒரு பிழை தானே விட்டான்.

கீப்பருக்கு ஒரு பிழை எண்டா ஸ்ட்ரைக்கருக்கு ஒரு பிழை மாதிரி இல்ல, அது கோல். அது அந்த வேலைன்ட விதி, அதை மாத்த ஏலாது. ஆனா மார்க் போட முந்தி அந்தக் கோர்னரை ரெண்டு மூண்டு தரம் பாருங்க, ஆர்சனல் ஆள் சலீபா வந்து பக்கத்தில நெருக்கிக் கொண்டு நிக்கிறான், பந்து கோல் வாயிலேயே வந்து விழுது, ஆர்சனல் இப்பிடிக் கோர்னர் போடுறதில பேர் போன டீம், இது தற்செயல் இல்ல, திட்டம். ரெஃப்ரி ஃபவுல் குடுக்கல. அப்ப பாதிப் பழி கீப்பருக்கு, மிச்சம் அவனுக்கு இடம் எடுத்துக் குடுக்காம பாத்துக்கொண்டு நிண்ட டிபென்டர்ஸுக்கு. அதாலதான் 3 போடாம 4 போட்டன், 5க்கு ஏத்தவும் இல்ல.

அதுக்குப் பிறகும் அவன்தான் அடுத்த லீக் மெச்சுகளும் நிண்டான், ஒக்டோபர் 4 சண்டர்லண்ட் மெச்சிலதான் புதுசா வந்த லம்மென்ஸ் இறங்கினான். ஒரே ராத்திரில யாரையும் தூக்கி எறிய மாட்டாங்க, நாங்களும் எறியத் தேவையில்ல.

புதுசா வந்த ஸ்ட்ரைக்கர் ஒண்டுமே செய்யல எண்டா 3 போட்டு முடிக்கலாமா? கியோக்கரஸை பாத்துக் கேக்கிறன்.

அதே மெச், ஆர்சனலுக்கு கியோக்கரஸ்ன்ட முதல் லீக் மெச். உண்மையிலயே மோசம், டிபென்டர்ஸ் அவனை அசைய விடல, ரெண்டாவது பாதில எடுத்திட்டு ஹவர்ட்ஸை விட்டாங்க. 4 சரியான மார்க், அதில வாதம் இல்ல. ஆனா அண்டைக்கு ராத்திரி எங்கட குறூப்பிலயே சில பேர் "காசு கடல்ல போச்சு" எண்டு தீர்ப்பே எழுதினாங்க. ஆறு நாள் கழிச்சு லீட்ஸோட 5-0, அவன் ரெண்டு கோல். அதுக்காக அந்த ரெண்டு கோலைப் பாத்து முதல் மெச்சுக்கு மார்க் கூட்டுறதும் பிழை. 4 எண்டா 4 தான். 4 போட்டது பிழை இல்ல, அதுக்குக் கீழ எழுதின தீர்ப்புத்தான் பிழை.

ஸ்ட்ரைக்கருக்கு இன்னொண்டு, பந்து அவன்ட காலுக்கு எத்தினை தரம் வந்தது எண்டு பாக்கணும். நடுவில இருந்து நல்ல பாஸே வராட்டி அவன் என்ன செய்வான். ஆனா பந்து வராத நேரமும் ஓடினானா, டிபென்டரை இழுத்து மற்றவனுக்கு இடம் எடுத்துக் குடுத்தானா, அது அவன்ட கையிலதான் இருக்கு, அதுக்கு மார்க் உண்டு.

முதல் மெச்சில பட்டையைக் கிளப்பினவன் சீசன் முழுக்க கிளப்புவானா?

கிளப்பினவனும் இருக்கான், அடங்கினவனும் இருக்கான். 2021 ஓகஸ்ட் 14, யுனைட்டட் லீட்ஸை 5-1 அடிச்சது, புரூனோ ஹெட்ரிக் (மூண்டு கோல்), போக்பா ஒரே மெச்சில நாலு அசிஸ்ட். அண்டைக்கு எல்லாருக்கும் கப் கண்ணுக்குத் தெரிஞ்சது. போக்பா அந்த லீக் சீசன் முழுக்க எடுத்தது மொத்தம் 9 அசிஸ்ட், நவம்பர்ல கோச் சோல்ஷார்ட வேலை போச்சு, யுனைட்டட் ஆறாவது.

மற்றப் பக்கம் பாருங்க. 2022 ஜூலை 30, சீசனைத் தொடக்கி வைக்கிற கொம்யூனிட்டி ஷீல்ட், லிவர்பூல் 3 மென்செஸ்டர் சிட்டி 1. சிட்டிக்குப் புதுசா வந்த ஹாலண்ட் கடைசி நேரம் கோலுக்கு முன்னாலயே நிண்டு பாரில அடிச்சான், லிவர்பூலுக்குப் புதுசா வந்த நூனியஸ் கோல் போட்டான். ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில வெச்சு ஹாலண்டை போட்டுக் கிழிச்சாங்க. ஒரு கிழமைக்குப் பிறகு வெஸ்ட் ஹாமோட ஹாலண்ட் ரெண்டு கோல், சீசன் முடியக்குள்ள லீக்ல மட்டும் 36, அது பிரீமியர் லீக் ரெக்கோர்ட். நூனியஸ் லீக்ல 9.

லெஸ்டர் 2015 ஓகஸ்ட் 8 சண்டர்லண்டை 4-2 அடிக்கக்குள்ள மஹ்ரெஸ் ரெண்டு கோல், அண்டைக்கு அவனுக்கு 8 போட்டவன் சரியாத்தான் போட்டான், ஆனா அந்த டீம் சம்பியனா வரும் எண்டு அந்த 8ல எழுதியிருக்கல. முதல் மெச்சுக்கு அவ்வளவு தூரம் பாக்கிற கண் கிடையாது.

மார்க் போடுற போன் அப்ல (app) 7.4 எண்டு வருது, நீங்க 6 எண்டுறீங்க. யாரை நம்புறது?

அப் பொய் சொல்லாது, ஆனா அது எண்ணுறதை மட்டும்தான் சொல்லும். ஹூஸ்கோர்ட் மாதிரியான இடத்தில எல்லாருக்கும் 6ல தொடங்கி, பாஸ், டேக்கிள், ஷொட், பந்தோட ஆளைத் தாண்டுறது எண்டு ஒவ்வொண்டுக்கும் கூட்டியும் குறைச்சும் கொண்டு போகும். பந்தோட சம்பந்தப்பட்டது எல்லாம் வரும். பந்து இல்லாம நிக்கிற இடம் லேசில வராது. ஒரு சென்டர் பேக் சரியான இடத்தில நிண்டதால எதிரி அந்தப் பக்கம் பாஸே குடுக்கல எண்டா, அப்புக்கு அங்க ஒண்டுமே நடக்கல. எங்களுக்கு அங்கதான் மெச்சே நடந்திருக்கு. அதுபோல பின்னுக்கு பின்னுக்கு பாஸ் குடுத்துக் கொண்டிருக்கிறவனுக்கு பாஸ் சரியாப் போற வீதம் நல்லா வரும், பாத்து ஏமாறாதீங்க.

நான் செய்யுறது, முதல்ல என்ட மார்க்கை எழுதிப் போட்டுத்தான் அப்பை திறக்கிறது. ரெண்டு பொயின்ட் வித்தியாசம் வந்தா ஏனெண்டு ஹைலைட்ஸ் போட்டுப் பாக்கிறது. அப்பை முதல்ல பாத்தா பிறகு உங்கட கண்ணும் அதையேதான் பாக்கும்.

கென்சல் பண்ணின கோலுக்கு மார்க் உண்டா?

உண்டு, ஏன் கென்சல் ஆச்சு எண்டதைப் பொறுத்து. அதே 2025 ஓகஸ்ட் 17, எங்கட நேரம் பின்னேரம் 6.30க்கு செல்சி - கிரிஸ்டல் பெலஸ், 0-0. ஏஸே ஃப்ரீகிக் அடிச்சு பந்து வலைக்குள்ள, ஆனா வீஏஆர் (வீடியோ ரெஃப்ரி) பாத்து இல்லையெண்டாச்சு, ஏனெண்டா பெலஸ் ஆள் குவேஹி செல்சி சுவருக்கு (ஃப்ரீகிக்கை மறிக்க வரிசையா நிக்கிற ஆக்கள்) ஒரு மீட்டருக்குள்ள நிண்டான். மூண்டு பேரோ அதுக்கு மேலயோ சுவர் கட்டினா அடிக்கிற பக்கத்து ஆள் ஒரு மீட்டர் தள்ளி நிக்கணும் எண்டது 2019ல வந்த சட்டம். இப்ப சொல்லுங்க, ஏஸே அடிச்ச அடியில என்ன குறை? அவனுக்குக் கூட்டுங்க, குவேஹிக்குக் குறைங்க. தானே ஓஃப்சைட்ல நிண்டு போட்டவனுக்கு மட்டும் ஒண்டும் இல்ல.

இடையில சப்ஸ்டிடியூட்டா வந்தவனுக்கு?

கால் மணித்தியாலம் கூட விளையாடாதவனுக்கு மார்க் போடாதீங்க, கோடு போட்டு விடுங்க. அந்த நேரத்துக்குள்ள கோல் போட்டா, கோல் விட வெச்சா மட்டும் போடலாம்.

ரெட் கார்ட் வாங்கினவன்?

2017 ஓகஸ்ட் 12, செல்சி அப்ப சம்பியன், சொந்த கிறவுண்ட்ல முதல் மெச், கெப்டன் கேஹில் 14வது நிமிஷம் ரெட் வாங்கிப் போனான், பேர்ன்லி 3-2 வெண்டது. அப்பிடிப் போறவனுக்கு 3க்கு மேல போட மனம் வராது, போடவும் கூடாது, மிச்ச பத்துப் பேரை மூச்சு வாங்க விட்டிட்டுப் போயிருக்கான். ஆனா அந்தப் பத்துப் பேருக்கும் போடக்குள்ள ஒரு ஆள் குறைவு எண்டதை மனசில வெச்சுப் போடுங்க. மற்றது, கோல் போற பந்தை வேணுமெண்டு மறிச்சு ரெட் வாங்குறதும் கோவத்தில காலை நீட்டி வாங்குறதும் ஒண்டு இல்ல.

முதல் மெச்சில எல்லாரும் 60 நிமிஷத்தோட களைச்சுப் போறாங்களே, அதுக்குக் குறைக்கலாமா?

கொஞ்சம் விட்டுக் குடுங்க. லீவு முடிஞ்சு வந்து உடம்பு இன்னும் மெச் ஓட்டத்துக்கு வரல. செல்சி 2025 ஜூலை 13 தான் கிளப் வேர்ல்ட் கப் ஃபைனல் விளையாடி பிரான்ஸ் கிளப் பீஎஸ்ஜியை 3-0 அடிச்சது, ஓகஸ்ட் 17 திரும்ப லீக். அஞ்சு கிழமைதான் இடையில. அப்பிடி வந்தவனையும் முழு லீவு எடுத்து வந்தவனையும் ஒரே மாதிரிப் பாக்க ஏலாது. களைச்சுப் போய் பாஸ் பிழைச்சா மன்னிக்கலாம், களைச்சுப் போய் ஆளைப் பிடிக்காம நடந்து வாறவனை மட்டும் மன்னிக்க வேணாம்.

டீவில பாத்து போடுற மார்க்கும் கிறவுண்ட்ல பாத்து போடுற மார்க்கும் ஒண்டா?

இல்ல. டீவி பந்துக்குப் பின்னால போகும். மற்றப் பக்கத்து டிபென்டர் எங்க நிக்கிறான் எண்டு உங்களுக்குத் தெரியாது. எங்கட திருமலை மெக்கெய்சர் ஸ்டேடியத்தில நாலு மெச் நிண்டு பாத்தீங்க எண்டா உங்கட கண்ணே மாறிரும், ஏனெண்டா அங்க கெமரா இல்ல, நீங்கதான் எங்க பாக்கிறதெண்டு முடிவெடுக்கணும். ஒரு பாதி முழுக்க ஒரே ஒரு பிளேயரைப் பாருங்க, பந்தைப் பாக்காதீங்க, சரியான கஷ்டம் தான் ஆனா அதைவிட நல்ல பழக்கம் இல்ல.

எங்கட ஊர் லீக் மெச்சுக்கும் இப்பிடி மார்க் போட்டு குறூப்பில போடலாமா?

தயவு செய்து வேணாம். இதை நான் மனசார சொல்லுறன்.

குன்யாவுக்கும் பயின்டிருக்கும் நீங்க திருமலையில இருந்து 4 போட்டா அவங்களுக்குத் தெரியவே தெரியாது, தெரிஞ்சாலும் அது அவங்கட சம்பளத்தில சேர்ந்தது. எங்கட பொடியன் அப்பிடி இல்ல. விடியச் சாமம் தகப்பனோட வலை இழுத்திட்டு பகல் கொஞ்சம் படுத்தெழும்பி பின்னேரம் பூட்ஸ் கட்டுறவன் இருக்கான், ஏஎல் கிளாஸை விட்டிட்டு வீட்டில ஏச்சு வாங்கி வாறவன் இருக்கான். மூதூர்ல இருந்து வாற டீம் வெயிலுக்குள்ள பயணம் செய்து களைச்சு வந்துதான் விளையாடுது. 2009ல கிண்ணியாப் பாலம் வர முந்தி அந்தப் பக்கத்து ஆக்கள் பாதை (தண்ணியைக் கடக்கிற பெரிய படகு) ஏறி வர வேண்டியிருந்தது, பழைய ஆக்களைக் கேட்டா சொல்லுவாங்க. அப்பிடி வந்து நிக்கிறவனுக்கு சீசன் முதல் மெச் முடிய முந்தியே "கீப்பர் 2/10" எண்டு பேரோட எழுதினா, அதைப் பாக்கிறது அவனும், அவன்ட தங்கச்சியும், அவன்ட கிளாஸ் பொடியன்களும். ஒரு பதினேழு வயசுக் கீப்பர் அதுக்குப் பிறகு கிறவுண்ட் பக்கமே வராம விட்டதை எனக்குத் தெரியும். திறமையான கை. ஒரு கோர்னர், ஒரு மெசேஜ், அதோட சரி.

அதோட ஓகஸ்ட் மாசக் கச்சான் காத்தை மறக்காதீங்க. புழுதி கிளப்பிக் கொண்டு அடிக்கும், உயரத்தில வாற பந்து கடைசி நிமிஷம் இழுபடும், காய்ஞ்ச தரையில பந்து எங்க குத்தி எங்க எழும்பும் எண்டு யாருக்கும் தெரியாது. காத்துக்கு எதிரா நிண்ட பாதிக்கும் காத்தோட நிண்ட பாதிக்கும் தனித்தனியா பாத்துத்தான் கதைக்கணும்.

அப்ப ஊர்ப் பொடியன்களுக்கு ஒண்டுமே சொல்லக் கூடாதா?

சொல்லணும், கட்டாயம் சொல்லணும், சொல்லாட்டி எப்பிடித் திருந்துறது. ஆனா மூஞ்சைக்கு நேர, தனியா, நம்பர் இல்லாம. "தம்பி முதல் பாதி நீ வலப் பக்கம் மூடின விதம் நல்லா இருந்தது, ஆனா த்ரோ வரக்குள்ள எப்பவும் பந்தையே பாக்கிறாய், பின்னால ஒருத்தன் நிக்கிறான், ஒருக்கா திரும்பிப் பார்." இவ்வளவு காணும். நடந்த ஒரு விஷயத்தைக் காட்டிச் சொன்னா கேப்பான், "நீ சரியில்ல" எண்டா யாரும் கேக்க மாட்டான். கிறவுண்ட் ஓரத்தில நிண்டு பழைய அண்ணன்மார் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் இப்பிடித்தான்.

நல்லா விளையாடினவனை மட்டும் குறூப்பில பேரோட எழுதுங்க, அதுக்குத் தடையில்ல, எவ்வளவு வேணுமெண்டாலும் எழுதுங்க.

கோச்சுக்கும் ரெஃப்ரிக்கும் மார்க் போடுறதா?

கோச்சுக்கு போடலாம், எப்ப யாரை மாத்தினான் எண்டதைப் பாத்து. ரெஃப்ரிக்கு வேணாம், அது எப்பவும் தோத்த பக்கத்து ஆக்கள்ட மார்க்காத்தான் முடியும்.

ரெண்டு பேருக்கு ஒரே பிளேயரில 3 மார்க் வித்தியாசம் வந்தா என்ன செய்யுறது?

ரெண்டு பேரும் ஒவ்வொரு நிமிஷத்தைச் சொல்லணும், இத்தினையாம் நிமிஷம் இவன் இதைச் செய்தான் எண்டு. நிமிஷம் சொல்ல ஏலாதவன்ட மார்க்கை நாங்க எடுக்கிறதில்ல. அநேகமா அங்கயே முடிஞ்சிரும், ஏனெண்டா ஒருத்தன் மெச் பாக்காம ஸ்கோர் பாத்துப் போட்டிருப்பான்.

போட்ட மார்க்கை பிறகு மாத்தலாமா?

அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் மாத்தலாம், முழு மெச்சையும் திரும்பப் பாத்திருந்தா. அதுக்குப் பிறகு வாற மெச்சுகளைப் பாத்து பழைய மார்க்கை மாத்த விடுறதில்ல, முதல் மெச் மார்க்கெல்லாம் அப்பிடியே மே மாசம் வரைக்கும் கிடக்கும், சீசன் முடிய எல்லாரும் எடுத்துப் பாக்கலாம். இந்த முறை லிஸ்ட் திங்கள் பின்னேரம் போடுறம், யாருக்கு எந்த பிளேயர் எண்டு இப்பவே பிரிச்சு எடுத்துக் கொள்ளுங்க, கீப்பர் ரெண்டு பேரையும் ரெண்டு பேராவது தனித்தனியா பாக்கணும்.